செவுளைத் தூக்கிக் காட்டுங்க! - தம்பட்டம் அடிக்காமல் உங்கள் வேலையைச் சொல்வது எப்படி?

‘இந்த ஆண்டில் உங்களுடைய முக்கியப் பங்களிப்புகள் என்ன?’ அப்ரைசல் படிவத்தில் இந்தக் கட்டம் வந்ததும் பலருக்கும் விரல் அப்படியே நின்றுவிடுகிறது. ஆண்டு முழுக்க ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்திருப்போம். எழுத உட்கார்ந்தால், ‘கொடுத்த வேலையைச் சரியாகச் செய்தேன்’ என்ற ஒற்றை வரிதான் வரும். அதற்கு மேல் எழுதினால் சுயபுராணம் பாடுவதுபோல ஆகிவிடுமோ என்று ஒரு கூச்சம். பக்கத்து சீட்டுக்காரரோ, அதே வேலையில் பாதியைச் செய்துவிட்டு ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருப்பார். சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வரும்போதுதான் நமக்கு வயிறு எரியும்.

‘நிறைகுடம் தளும்பாது’ என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதே வீட்டில்தான் ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்றும் சொன்னார்கள். இரண்டில் எதைக் கேட்பது?

இதற்குப் பதில் தேட வெளிநாட்டு மேலாண்மைக் குருக்களிடம் போகும் முன்பு, சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு வரை ஒரு எட்டு போய் வரலாம். மீன் விற்பதிலிருந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் ஏவுவது வரை, ‘செய்த வேலை யார் பெயரில் நிற்கிறது?’ என்ற கேள்வி 400 ஆண்டுகளாக அந்த வட்டாரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

‘வேலையே பேசும்’ என்கிறார்களே, பேசுமா?

பேசும். ஆனால் எல்லா இடத்திலும் பேசாது.

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான் தொடங்கி ஆந்திரா வரை விரிகிறது. இறால், நண்டு, மடவை என ஏரியை நம்பியும் கடலை நம்பியும் பல மீனவக் கிராமங்கள் இருக்கின்றன.

கரையில் ஒரு வசதி உண்டு. படகு வந்து நின்றதும் வலையை உதறுவார்கள். என்ன கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது என்பது சுற்றி நிற்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நீரோட்டம் பார்த்து வலை போடுபவர் யார், சும்மா ஊர் சுற்றிவிட்டு வருபவர் யார் என்பது யாரும் சொல்லாமலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். அங்கே ஒருவர் வாயை மூடிக்கொண்டு அடக்கமாக இருந்தாலும் நஷ்டமில்லை. அவருக்காக அவருடைய கூடை பேசிவிடும்.

நம்முடைய வேலை அப்படியா? ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழாமல் பார்த்துக்கொண்டதை யார் பார்த்தார்கள்? கோபத்தில் கிளம்பத் தயாரான வாடிக்கையாளரை நாற்பது நிமிடம் போனில் பேசிச் சமாதானப்படுத்தியது எந்த ரிப்போர்ட்டில் வந்தது? புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்ததை யார் கணக்கில் எழுதினார்கள்? நன்றாகச் செய்யப்படும் வேலைகளில் பாதி, ‘எதுவும் நடக்கவில்லை’ என்ற வடிவத்தில்தான் வெளியே தெரிகின்றன.

தன்னடக்கம் நல்ல குணம்தான். ஆனால் அது, எல்லோரும் எல்லோருடைய வேலையையும் பார்க்கும் கரையில் வளர்ந்த குணம். லேப்டாப்புக்குள் நடக்கும் வேலைக்கு அதே அடக்கத்தை அப்படியே கொண்டுவந்தால், அங்கே குடம் நிறைந்திருக்கிறதா, காலியா என்பதே யாருக்கும் தெரியாது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு பழைய முறை இருக்கிறது. மீன்பிடி இடங்களை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பது சுழற்சி முறையில் முடிவாகும். நல்ல இடம் ஒருவருக்கே எப்போதும் கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. கத்திப் பேசுகிறவருக்கும் ஒரே முறைதான், வாயே திறக்காதவருக்கும் ஒரே முறைதான். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது, இல்லையா?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் முறை வரும். அந்த உரிமை பாரம்பரியமாகக் குறிப்பிட்ட சில கிராமங்களின், குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களுக்கானதாகவே இருந்தது. பிற்பாடு ஏரிக்கு வந்தவர்களுக்கும் அவர்களுக்கும் இதை வைத்தே சச்சரவுகள் நடந்திருக்கின்றன. உழைப்பு எவ்வளவு இருந்தாலும், பெயர் பட்டியலில் இல்லையென்றால் அந்த உழைப்பு கணக்கில் வராது.

அலுவலகத்திலும் பட்டியல்கள் உண்டு. பதவி உயர்வுப் பட்டியல், வெளிநாட்டு ப்ராஜெக்ட் பட்டியல், ‘ஆட்குறைப்பில் யாரைத் தொடக் கூடாது’ என்று மேலே சிலர் மனதில் வைத்திருக்கும் பட்டியல். அந்த அறைக்குள் நாம் இருக்க மாட்டோம். நம் மேலாளர் இருப்பார். ‘இவர் என்ன செய்தார்?’ என்று யாராவது கேட்டால், அவரிடம் சொல்வதற்கு இரண்டு வரி இருக்க வேண்டும். அந்த இரண்டு வரியை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்து வைப்பது நம் பொறுப்பு.

ஊரின் பெயர் போனது, நெய்தவர் பெயர் எங்கே?

டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து அவர்கள் கப்பலேற்றிய முக்கியமான சரக்கு பருத்தித் துணி. அதைத் தென்கிழக்கு ஆசியாவில் கொடுத்து நறுமணப் பொருட்களை வாங்கினார்கள்.

இந்த வட்டாரத்தின் கட்டம் போட்ட கைக்குட்டைகள் எவ்வளவு தூரம் புகழ்பெற்றன தெரியுமா? ஆங்கிலேயர் வாயில் ‘புலிகாட்’ ஆகிப்போன ஊரின் பெயரே அந்தத் துணியின் பெயராகி, ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்கள் அதே மாதிரித் துணியை நெய்து, அதே பெயரில் விற்றார்கள். பழவேற்காட்டையே பார்த்திராதவர்கள் நெய்த துணிக்கும் பழவேற்காட்டின் பெயர்!

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்தக் கற்களில் அதிகாரிகளின் பெயர், பதவி எல்லாம் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உலகம் தேடிவந்த அந்தக் கட்டங்களை முதலில் யோசித்து நெய்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் காலத்தில் அதைப் பதிவு செய்யும் இடமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நமக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது. நாம் தயாரித்த எக்செல் ஷீட், நாம் எழுதிய கோடு, நாம் போட்ட டிசைன் ஆகியவை வேறொருவரின் பிரசன்டேஷனில் வேறொருவர் பெயரில் உட்கார்ந்துவிடாமல் இருக்க, ஃபைலின் ஓரத்தில் ‘தயாரித்தவர்’ என்று ஒரு வரி போதும். அதைப் போடக்கூட நாம் கூச்சப்படுகிறோம்.

தம்பட்டத்துக்கும் தகவலுக்கும் என்ன வித்தியாசம்?

மீன் சந்தைக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ‘மீன் எப்படிம்மா?’ என்று கேட்டால், அனுபவமுள்ள மீன்காரம்மா நீளமாகப் பேச மாட்டார். மீனை எடுத்து, செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருப்பதைக் காட்டுவார். ‘நீயே பாரு கண்ணு.’ அவ்வளவுதான். நல்ல மீனா, இல்லையா என்று முடிவு செய்வது நம் வேலை.

தம்பட்டம் அடிப்பவர் முடிவை நம் மீது திணிக்கிறார். தகவல் சொல்பவர் சான்றைக் காட்டிவிட்டு, முடிவை நம்மிடம் விடுகிறார். ஒரே வேலையை மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

தம்பட்டம்: “நான் மட்டும் இல்லன்னா அந்த ரிப்போர்ட் அன்னிக்கே படுத்திருக்கும் சார்.”

மழுப்பல்: “பெருசா ஒண்ணும் இல்ல சார், சும்மா கொஞ்சம் பார்த்துக்கிட்டேன்.”

தகவல்: “பில்லிங் ரிப்போர்ட் எடுக்க முன்னாடி ரெண்டு நாள் ஆச்சு சார். ஃபார்முலாவை மாத்தி எழுதினேன். இப்போ மூணு மணி நேரத்துல முடியுது. டேட்டாவைச் சரிபார்த்துக் கொடுத்தது அக்கவுன்ட்ஸ் டீம்.”

மூன்றாவதில் ஒரு பாராட்டு வார்த்தைகூட இல்லை. ஆனால் கேட்பவர் மனதில் மதிப்பு கூடுகிறது. அதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: முன்பு நிலைமை எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், இப்போது எப்படி இருக்கிறது, கூட யார் இருந்தார்கள். எந்த வேலையையும் இந்த நான்கில் அடக்கிவிடலாம்.

எண்ணிக்கையில் சொல்ல முடியாத வேலை என்றால்? யாருடைய தலைவலி குறைந்தது என்று சொல்லுங்கள். ‘புதிதாக வந்த இருவரும் இப்போது தனியாக கிளையன்ட் காலை எடுக்கிறார்கள்’ என்பதும் சான்றுதான்.

‘முடிஞ்சிடுச்சு’ சொல்கிறீர்களா, ‘முடிச்சேன்’ சொல்கிறீர்களா?

நம் பேச்சைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். நல்லபடியாக நடந்ததைச் சொல்லும்போது, “வேலை முடிஞ்சிடுச்சு சார்”, “பிரச்சினை சரியாயிடுச்சு மேடம்” என்கிறோம். ஏதோ அதுவாகவே முடிந்த மாதிரி, அதுவாகவே சரியான மாதிரி! தவறு நடந்தால் மட்டும், “தப்பு பண்ணிட்டேன் சார்” என்று ‘நான்’ டக்கென்று வந்து நின்றுவிடுகிறது. ஆண்டு முழுக்க இப்படியே பேசினால், மேலாளரின் காதில் நம் பெயர் தவறுகளோடு மட்டும்தான் சேர்ந்து ஒலித்திருக்கும்.

“முடிச்சிட்டேன் சார்”, “சரி பண்ணிட்டேன் மேடம்” என்று வினையை மாற்றினாலே போதும். பெருமை எதுவும் அதில் இல்லை, நடந்தது மட்டும்தான் இருக்கிறது.

‘நாம்’, ‘நாங்கள்’ விஷயத்திலும் கவனம் வேண்டும். “நாம இதைச் சாதிச்சோம் சார்” என்றால் கேட்கும் மேலாளரும் அதில் சேர்ந்துவிடுவார். “நாங்க செஞ்சோம்” என்றால் உங்கள் குழு. “நான் செஞ்சேன்” என்றால் நீங்கள் மட்டும். தமிழ் இந்த மூன்றையும் துல்லியமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். தனியாகச் செய்ததற்கு ‘நாங்க’ போடுவது அடக்கம்போலத் தெரிந்தாலும், கேட்பவருக்குத் தவறான தகவல். குழுவாகச் செய்ததற்கு ‘நான்’ போட்டால், அது அடுத்தவர் கூடையில் கைவைப்பது.

மைக்கை யாரிடம் கொடுப்பது?

ராக்கெட் ஏவும் நாள்களில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பார்கள். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாதான் காரணம். பணியிடத்தில் பெயரும் பழியும் எப்படிப் பங்கிடப்பட வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் மிக அதிகமாகச் சொல்லப்படும் கதை நடந்தது அங்கேதான்.

1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்எல்வி-3 ராக்கெட் ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்களைச் சந்திக்க கலாமைத் தனியாக அனுப்பாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானே முன்னால் போய் நின்று தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. இந்த முறை தவான், ‘பத்திரிகையாளர் சந்திப்பை நீங்கள் நடத்துங்கள்’ என்று கலாமை அனுப்பினார். இதைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தவானின் பெருந்தன்மையை எல்லோரும் பேசுகிறோம். இதில் கலாமின் பங்கையும் பார்க்க வேண்டும். ‘ஐயோ, நான் எதற்கு? நீங்களே பேசுங்கள்’ என்று அவர் ஒதுங்கவில்லை. போய் நின்று, நடந்ததைச் சொன்னார். வாய்ப்பு வரும்போது மைக்கை வாங்கிக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதிதான். மைக்கைக் கொடுத்த தவானுக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. அவர் மறைந்த 2002-ம் ஆண்டில், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கே ‘சதீஷ் தவான் விண்வெளி மையம்’ என்று பெயர் சூட்டப்பட்டது.

‘எங்க மேனேஜர் தவான் இல்லையே’ என்கிறீர்களா?

பெரும்பாலானோருக்கு அப்படித்தான். அதனால் இந்த நான்கையும் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஒன்று, வெள்ளிக்கிழமைக் குறிப்பு. வாரக் கடைசியில் ஐந்தே நிமிடம். முடித்தது என்ன, நடந்துகொண்டிருப்பது என்ன, எங்கே உதவி வேண்டும் என மூன்று வரி மேலாளருக்கு மெயில் அனுப்புங்கள். எல்லா வாரமும் போவதால் யாருக்கும் இது தம்பட்டமாகத் தெரியாது. அப்ரைசல் நேரத்தில் அந்த மெயில்களைத் திரட்டினால் படிவம் பாதி நிரம்பிவிடும்.

இரண்டு, அடுத்தவர் வேலையை நீங்கள் சொல்லுங்கள். ஜெஃப்ரி ஃபெஃபர், ராபர்ட் சியால்டினி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் திறமையை அவரே சொல்வதைவிட அவருக்காக இன்னொருவர் சொல்லும்போது, கேட்பவர்களுக்கு அவரைக் கூடுதலாகப் பிடித்தது. மீட்டிங்கில், “இந்த ஐடியா முதல்ல அவங்கதான் சொன்னாங்க” என்று நீங்கள் ஆரம்பித்து வையுங்கள். அது உங்களுக்கும் திரும்பி வரும்.

மூன்று, பெயர் நழுவும் இடத்திலேயே பிடியுங்கள். உங்கள் வேலையை வேறொருவர் தன்னுடையதுபோலச் சொன்னால் சண்டை வேண்டாம். “ஆமா சார், அந்த ரெண்டாவது பகுதியை நான் செஞ்சப்போ ஒரு சிக்கல் வந்துச்சு, அதையும் சொல்லிடறேன்” என்று ஒரு நுணுக்கத்தைச் சேருங்கள். செய்தவருக்குத்தான் அந்த நுணுக்கம் தெரியும். கேட்பவருக்கும் அது புரியும்.

நான்கு, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். “எப்படிப் போகுது?” என்று லிஃப்டில் பெரிய அதிகாரி கேட்டால், “ஏதோ போகுது சார்” என்பதற்குப் பதில், “பில்லிங் ரிப்போர்ட்டை மூணு மணி நேரத்துக்குக் கொண்டுவந்துட்டோம் சார்” என்று சொல்ல, அவர் இறங்கும் தளம் வருவதற்குள் நேரம் இருக்கிறது.

பெண்களுக்குக் கூடுதல் சிக்கலா?

ஆமாம். கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு தேர்வு வைத்து, ‘நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள்?’ என்று 100-க்கு மதிப்பிடச் சொன்னார்கள். ஆண்கள் சராசரியாக 61 போட்டுக்கொண்டார்கள். அதே அளவு நன்றாகச் செய்த பெண்கள் 46 போட்டுக்கொண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைத் தெரிந்துகொண்ட பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை. இந்த ஆய்வு 2022-ல் வெளியானது.

‘அப்படியென்றால் பெண்கள் தைரியமாகப் பேச வேண்டியதுதானே’ என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. தன்னைப் பற்றிப் பேசும் பெண்ணைத் ‘திமிர் பிடித்தவர்’ என்று பார்க்கும் வழக்கம் இருக்கிறது. உளவியலாளர் லாரி ருட்மன் 1998-லேயே இதை ஆய்வில் காட்டியிருக்கிறார். ஆகவே இதைப் பெண்களின் பிரச்சினையாக மட்டும் விடக் கூடாது. ‘உங்களை நீங்களே மதிப்பிடுங்கள்’ என்று கேட்டு, அந்த எண்ணை வைத்துச் சம்பளத்தை முடிவு செய்யும் மேலாளர்கள் யோசிக்க வேண்டும். சொந்த மதிப்பெண்ணைக் கேட்பதற்குப் பதில், செய்த வேலைகளின் பட்டியலைக் கேட்கலாம்.

குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்கு வந்தவர்களுக்கும் இதே நிலைதான். பொன்னேரி வந்து மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்கு வரும் ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு, ‘உன் வேலையை நீயே எடுத்துச் சொல்’ என்று வீட்டில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வாய்ப்பில்லை. ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். இவர்களுக்கு அந்த நான்கு வரி முறை நன்றாகக் கைகொடுக்கும். முன்பு, செய்தது, இப்போது, கூட இருந்தவர். இதற்கு அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. எளிய வாக்கியங்களில் எழுதினால்தான் இது எடுபடும்.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

தன்னைப் பற்றிச் சொல்பவர், கேட்பவரும் தன்னோடு சேர்ந்து மகிழ்வார் என்று அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார். கேட்பவருக்கு ஏற்படும் எரிச்சலைக் குறைத்து மதிப்பிடுகிறார். 2015-ல் வெளியான ஒரு ஆய்வு இதைச் சொல்கிறது. எனவே ஒரு தடவை சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, பணிவு வேடம் போட்ட தம்பட்டம். ‘எல்லா ப்ராஜெக்டுக்கும் என்னையே கூப்பிடுறாங்க, தூங்கக்கூட நேரமில்லை, என்ன பண்றதுன்னே தெரியல’ வகைப் பதிவுகளைச் சமூக வலைதளங்களில் பார்த்திருப்பீர்கள். ஓவுல் செசர் உள்ளிட்டோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சுற்றிவளைத்துப் பெருமை பேசுவது நேரடியாகப் பெருமை பேசுவதைவிட மோசமான எண்ணத்தையே உண்டாக்கியது. காரணம், கேட்பவருக்கு அதில் பொய் வாசம் அடிக்கிறது.

மீன் கெட்டுப்போயிருந்தால் செவுளைத் தூக்கிக் காட்ட முடியாது. அதுபோல, நான்கு வரியில் சொல்லச் சான்று இல்லாத சாதனையை விட்டுவிடுங்கள். சான்று இருப்பதை மறைக்காதீர்கள். இந்த வெள்ளிக்கிழமையே முதல் குறிப்பை அனுப்பிப் பாருங்கள். பொருள் என்ற இடத்தில் ‘இந்த வாரம் முடித்தவை’ என்று எழுதினால் போதும்.